ஓடும் காலுக்கு ஒரு ஷூ

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சுட்டி கேட்ட கேள்வி இது: "கடையில் போட்டுப் பார்த்தபோது ஷூ சரியாகத்தான் இருந்தது. நடந்தாலும் வலிக்கவில்லை. காலையில் மைதானத்தில் இரண்டு சுற்று ஓடினால் மட்டும் கடிக்கிறது. ஏன் மாமா?"

அடடா, என்ன அருமையான கேள்வி! ஷூ கடித்தால் பெரும்பாலானோர் ஷூவைத் திட்டுவார்கள், அல்லது கடைக்காரரைத் திட்டுவார்கள். "நடக்கும்போது கடிக்காதது ஓடும்போது மட்டும் ஏன் கடிக்கிறது?" என்று யோசிப்பவர்கள் குறைவு. நீயும் இந்த லீவில்தான் ஓட ஆரம்பித்திருக்கிறாயா? அப்படியானால் என் பக்கத்தில் வந்து உட்கார். இது உனக்கும்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற்கிற கால் ஒரு அளவு. ஓடுகிற கால் வேறு அளவு. நாம் நிற்கிற காலுக்கு ஷூ வாங்கிவிட்டு, ஓடுகிற காலுக்கு மாட்டுகிறோம்.

நம்ப முடியவில்லையா? ரொம்ப நல்லது. நம்பாதே. அளந்து பார்.

இரண்டு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள். சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார். ஒரு தாளைத் தரையில் சுவரை ஒட்டி வைத்து, அதன்மேல் வெறும் காலை வை. குதிகால் சுவரைத் தொட வேண்டும். இப்போது அக்காவையோ தம்பியையோ கூப்பிட்டு, காலைச் சுற்றிக் கோடு போடச் சொல். நீயே குனிந்து வரையாதே. குனிந்தால் உன் எடை காலின்மேல் சாயும், அளவு மாறிவிடும். பென்சில் நேராக, செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கோடு பாதத்துக்கு அடியில் போய்விடும்.

முடிந்ததா? இப்போது எழுந்து நில். அடுத்த தாளில் அதே காலை வைத்து, எடை முழுவதையும் அந்தக் காலிலேயே போடு. விழாமல் இருக்க நாற்காலியைப் பிடித்துக்கொள். மறுபடியும் கோடு.

இரண்டு தாளிலும் குதிகாலிலிருந்து மிக நீளமான விரலின் நுனிவரை அள. பிறகு, பாதத்தின் மிக அகலமான இடத்தைக் குறுக்கே அள. நின்று வரைந்த கால் சில மில்லிமீட்டர் நீளமாகவும், கொஞ்சம் அகலமாகவும் இருக்கும். ஒரே கால்தான். ஒரே நிமிஷத்தில் வளர்ந்துவிடவா செய்தது?

வளரவில்லை. விரிந்தது. உன் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு பாதத்திலும் சேர்த்தால் 52. வளர்ந்த மனித உடம்பில் உள்ள எலும்புகளே 206தான். ஆக, நாலில் ஒரு பங்கு எலும்பு கணுக்காலுக்குக் கீழேயே குடியிருக்கிறது! இந்தச் சின்னச் சின்ன எலும்புகளை உறுதியான நார்கள் இழுத்துக் கட்டி, உள்ளங்காலில் ஒரு வளைவை உண்டாக்கியிருக்கின்றன. ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்தால், நடுவில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் படாமல் இருக்குமே, அதுதான் அந்த வளைவு. எடை ஏறினால் வளைவு கொஞ்சம் தாழும். வளைந்திருந்தது தாழ்ந்தால், முனைகள் இரண்டும் தள்ளிப் போகத்தானே வேண்டும்? அதனால்தான் பாதம் நீள்கிறது. எடை இறங்கியதும் வளைவு பழையபடி எழும்பிவிடும்.

இதுவரை சரிதானே? சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை வரைந்து பார். அவசரம் இல்லை.

இப்போது ஓடுவதற்கு வருவோம். நிற்கும்போது உன் எடைதான் உன் காலில் இறங்குகிறது. ஓடும்போது அப்படியில்லை. ஓடுவது என்றால் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் இரண்டு காலும் தரையில் இல்லாமல் காற்றில் இருப்பது. பிறகு ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். அந்த நேரத்தில் பாதத்தில் விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. நீ 30 கிலோ என்று வைத்துக்கொள். இறங்குகிற ஒற்றைக் காலில் 60 முதல் 90 கிலோ வரை சுமை. அதுவும் கால் நொடி நேரத்துக்குள்! ஒரு கிலோமீட்டர் ஓட உனக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி ஆகலாம். ஒவ்வொரு காலும் ஐநூறு தடவை இந்த வேலையைச் செய்கிறது.

நின்றபோதே சில மில்லிமீட்டர் விரிந்த பாதம், இத்தனை சுமைக்கு இன்னும் விரியும். அதுமட்டுமா? உடம்பு முன்னோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும்போது தரை ஷூவைப் பிடித்து நிறுத்துகிறது. ஷூ நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் கால் நிற்குமா? பஸ்ஸில் பிரேக் போட்டால் நீ முன்னால் போவதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் காலும் ஷூவுக்குள் முன்னால் நகரும். நகர்ந்து போய் விரல்நுனி ஷூவின் மூக்கில் இடிக்கும். ஐநூறு தடவை. சில ஓட்டக்காரர்களின் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறாயா? நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியதால் வந்த கறுப்பு அது.

ஆகவே, ஓடுகிற ஷூவில் முன்னால் இடம் வேண்டும். எவ்வளவு? நின்றுகொண்டிருக்கும்போது, மிக நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே உன் கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மிக நீளமான விரல் என்று சொன்னதைக் கவனித்தாயா? எல்லோருக்கும் அது பெருவிரல் இல்லை. பலருக்கு இரண்டாவது விரல் நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர் பழக்கத்தில் பெருவிரலைத்தான் அழுத்திப் பார்ப்பார். உனக்கு எந்த விரல் நீளம் என்று உன் தாளே சொல்லும்.

"அப்படியானால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடலாமே!" என்று அம்மா உள்ளே இருந்து குரல் கொடுப்பார். "வளருகிற பிள்ளைதானே, அடுத்த வருஷமும் ஆகும்." ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பு எல்லா ஷூக் கடையிலும் கேட்கிற வசனம் இது. அம்மாவின் கணக்கில் நியாயம் உண்டு. காசு மரத்தில் காய்க்கவில்லை. பள்ளிக்கு நடந்து போக அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். ஓட்டத்துக்குச் செல்லாது.

மாம்பழக் கூடையை நினைத்துப் பார். கூடையில் பழங்களை வைக்கோல் இல்லாமல் அள்ளிப் போட்டு லாரியில் ஏற்றினால், ஊர் போய்ச் சேர்வதற்குள் ஒன்றோடொன்று மோதி எல்லாம் அடிபட்டுப் போகும். இடமே விடாமல் அமுக்கித் திணித்தாலும் நசுங்கிவிடும். பழக்காரர் என்ன செய்கிறார்? அசையாதபடி வைக்கோலால் அணைத்து வைக்கிறார், அமுக்குவதும் இல்லை. உன் காலுக்கும் அதே கவனிப்புத்தான் தேவை. குதிகாலும் பாதத்தின் நடுப்பகுதியும் அசையாமல் பிடிபட்டிருக்க வேண்டும். விரல்கள் மட்டும் தாராளமாக அசைய வேண்டும். பின்னால் பிடிப்பு, முன்னால் இடம்.

பெரிய ஷூவில் முன்னால் இடம் கிடைத்துவிடும். பின்னால் பிடிப்புப் போய்விடும். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலும் கீழும் வழுக்கும். வழுக்கினால்தான் கொப்புளம்.

கொப்புளம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமா? இது எனக்குப் பிடித்த பகுதி. தோல் ஒரே தாள் இல்லை, அடுக்கடுக்கானது. ஷூவும் சாக்ஸும் மேல் அடுக்கைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் எலும்போ ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகருகிறது. மேல் அடுக்கு ஓரிடத்தில் நிற்க, கீழ் அடுக்கு எலும்போடு போக, நடுவில் மாட்டிக்கொண்ட அடுக்கு திரும்பத் திரும்ப இழுபடுகிறது. கடைசியில் அது பிரிந்துவிடும். பிரிந்த இடைவெளியில் உடம்பே தண்ணீர் போன்ற ஒரு திரவத்தை நிரப்பும். கொப்புளம் தயார். அதனால்தான் கொப்புளத்தைக் கிள்ளிவிடாதே என்கிறோம். மேலே இருக்கும் தோல்தான் அடியில் புதுத்தோல் வரும்வரை அழுக்கும் கிருமியும் போகாமல் காக்கிற மூடி.

ஈரத் தோல் இன்னும் மோசம். ஈரமான தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்ளும், இழுப்பு கூடும். நம் ஊர் வெயிலில் கால் வியர்க்காமல் இருக்குமா? பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே சொதசொதவென்று கிடக்கும். விளையாட்டுக்கென்று விற்கும் செயற்கை இழை சாக்ஸ் வியர்வையை வெளியே கடத்திச் சீக்கிரம் உலரும். உடுப்பெல்லாம் பருத்தி நல்லது என்று பாட்டி சொல்வது சரிதான். ஓடும்போது போடும் சாக்ஸ் மட்டும் விதிவிலக்கு.

சரி, கடைக்குப் போகலாம். காலையில் இல்லை, சாயங்காலம். ஏன் தெரியுமா? நாள் முழுக்க நின்று, நடந்து, விளையாடுகிறாய். ரத்தத்திலிருந்து கசியும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே காலில் தங்குகிறது. சாயங்காலப் பாதம் காலைப் பாதத்தைவிடச் சற்றுத் தடித்திருக்கும். சந்தேகமா? நீ வரைந்த தாளை எடு. காலை எழுந்ததும் ஒரு கோடு, இருட்டும் நேரத்தில் ஒரு கோடு. ஓடினாலும் பாதம் தடிக்கும். அதனால் தடித்த காலுக்கே ஷூ பார்ப்பது நல்லது. ஓடும்போது போடுகிற அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போ. கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் அளந்துவிட்டு வீட்டில் தடிமனான சாக்ஸ் போட்டால், அளந்ததற்கு என்ன பலன்?

கடையில் "என்ன சைஸ்?" என்பார்கள். நீ ஒரு எண் சொல்வாய். அந்த எண்ணை நம்பி ஏமாறாதே. அந்த எண்ணின் கதை வேடிக்கையானது.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இங்கிலாந்து எண்தான் நடக்கிறது. பழைய இங்கிலாந்தில் மூன்று பார்லி மணிகளை வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கு. ஒரு பார்லி மணியின் நீளம்தான் ஒரு சைஸ். அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். இன்றுவரை அதே பார்லிதான்! ஐந்தாம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் நடுவே ஒரு பார்லி மணி படுத்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை. குழந்தைகள் எண் 13 வரை போகும். அதற்கு அடுத்தது 14 இல்லை. மறுபடியும் 1. பெரியவர்கள் வரிசை அங்கே தொடங்குகிறது. உன் தம்பி 13 போட, நீ 2 போட்டால் குழம்பாதே; உன் கால்தான் பெரியது.

ஐரோப்பிய எண் வேறு. அதில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. போதாக்குறைக்கு, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று பாத வடிவில் ஓர் அச்சு வைத்து அதன்மேல்தான் ஷூவை இழுத்துத் தைக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் அதை 'லாஸ்ட்' என்பார்கள். அச்சு மாறினால் ஷூவின் உள்வடிவமும் மாறும். ஒரு கம்பெனியின் 4 உனக்குச் சரியாக இருக்கும், அடுத்த கம்பெனியின் 4 நெருக்கும். உன் காலில் ஒரு தப்பும் இல்லை.

இதில் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் அவர்கள் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். என்ன தெரிந்தது? இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது. நாம் போடுவதோ அவர்களுக்கென்று வந்த எண். அகலம் பற்றாமல் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? நீளம் அதிகமான ஷூவாக வாங்கி, லேஸை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள்! இதைச் சரிசெய்ய 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கே உரிய ஒரு புது அளவு முறையை அவர்கள் முன்வைத்திருக்கிறார்கள். சராசரியாகப் பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதிலும், ஆண்களுடையது 15, 16 வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது என்பதும் அந்த ஆய்வில்தான் தெரிந்தது. அக்காவின் கால் நின்றுவிட்டது, உன் கால் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று வீட்டில் யாராவது அதிசயப்பட்டால், இதைச் சொல்.

நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சமாளித்தால் என்ன கெடுதல்? இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். பாதம் எல்லா இடத்திலும் மடங்காது. விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், பெருவிரலின் அடியில் உருண்டையாக ஒரு மேடு இருக்கிறதே, அங்கேதான் மடங்கும். ஷூவும் அதே இடத்தில் மடங்க வேண்டும். நீளமான ஷூ அதற்கும் முன்னால் மடங்கும். கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறிடத்தில் மடங்க, இரண்டுக்கும் ஒவ்வோர் அடியிலும் சண்டை.

இந்த மடங்கும் இடத்தையும் அளக்க ஒருவர் வழி கண்டுபிடித்தார். அமெரிக்காவில் சிரக்யூஸ் என்ற ஊரில் சார்லஸ் பிரானக் என்று ஓர் இளைஞர் இருந்தார். அவருடைய அப்பா ஷூக் கடை வைத்திருந்தார். 1920-களில் சார்லஸ் ஒரு பாத அளவுகோல் செய்தார். முதல் மாதிரியை எதில் செய்தார் தெரியுமா? ஓட்டை போட்ட தகரப் பட்டைகளை நட்டு போல்ட்டால் முடுக்கி விளையாடும் குழந்தைகள் பொம்மை இருக்கிறதே, அதில்! அவருடைய கருவி நீளம், அகலம் இரண்டோடு நிற்கவில்லை. குதிகாலிலிருந்து அந்த மேடுவரை உள்ள தூரத்தையும் அளந்தது. ஒரே நீளப் பாதம் உள்ள இருவரில் ஒருவருக்கு விரல்கள் குட்டையாக இருக்கலாம், மற்றவருக்கு நீளமாக இருக்கலாம். அவர்களுடைய மடங்கும் இடம் வேறு வேறு. உலோகத் தட்டில் நகரும் பட்டைகளோடு இருக்கும் அந்தக் கருவியைப் பெரிய ஷூக் கடைகள் சிலவற்றில் இன்றும் பார்க்கலாம். பார்த்தால், ஏறி நில். இரண்டு காலையும் அளக்கச் சொல். பெரும்பாலானோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்க வேண்டும்.

களைத்துவிட்டாயா? இரண்டு கதை சொல்கிறேன். இரண்டும் உண்மை.

1960-ஆம் ஆண்டு. ரோம் ஒலிம்பிக். மாரத்தான் ஓட்டம், 42 கிலோமீட்டருக்கும் மேலே. எத்தியோப்பியாவிலிருந்து வந்த அபெபே பிகிலாவுக்குக் கொடுக்கப்பட்ட ஷூ பொருந்தவில்லை. என்ன செய்தார்? கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினார். அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் தங்கம்! நாலு வருஷம் கழித்து டோக்கியோவில் மறுபடியும் தங்கம். அந்த முறை காலில் ஷூ இருந்தது. முந்தைய நேரத்தைவிட வேகமாகவும் ஓடினார். அதனால் 'வெறுங்கால் நல்லதா, ஷூ நல்லதா?' என்ற பட்டிமன்றத்துக்கு இந்தக் கதையைக் கூட்டிக்கொண்டு போகாதே. பொருந்தாத ஷூவைவிட வெறுங்கால் மேல் என்பதற்கு வேண்டுமானால் சொல்லிக்கொள். பள்ளி மைதானப் புல்லிலும் மண்ணிலும் வெறுங்காலோடு ஓடுவது உன் பாதத் தசைகளுக்கு நல்ல பயிற்சிதான். கண்ணாடிச் சில்லும் முள்ளும் இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள். மத்தியான வெயிலில் தார்ரோட்டில் வேண்டாம்.

அடுத்தவர் ஸ்வப்னா பர்மன். மேற்கு வங்காளத்தின் ஜல்பாய்குரியைச் சேர்ந்தவர். அவருடைய ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். ஹெப்டத்லான் என்றால் ஏழு போட்டி: தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர். இரண்டே நாளில் எல்லாம் முடிக்க வேண்டும். ஐந்து விரலுக்கென்று செய்த ஷூவுக்குள் ஆறு விரலை நுழைத்துக்கொண்டு அவர் பல ஆண்டுகள் பயிற்சி செய்தார். அகலம் போதாமல் வலி. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பல்வலிக்குக் கன்னத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு ஓடித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். வென்ற பிறகு அவர் கேட்ட உதவி, காலுக்குப் பொருந்துகிற ஷூ. பின்னர் ஒரு கம்பெனி அவர் பாதத்தை அளந்து தனியாகச் செய்து கொடுத்தது.

உனக்கு ஐந்து விரல்தான். ஆனாலும் உன் கால் மாதிரி இன்னொரு கால் கிடையாது. அதனால் கடையில் வெட்கப்படாதே. ஷூவுக்குள் இருக்கும் உள்தட்டை மெல்ல இழுத்தால் பலவற்றில் வெளியே வந்துவிடும். அதைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில். சுண்டுவிரல் தட்டைத் தாண்டி வெளியே வழிந்தால், அந்த ஷூ உனக்கு ஒடுக்கம். முன்னால் கட்டைவிரல் அகலம் மிச்சம் தெரிகிறதா? சரி, உள்தட்டைத் திரும்ப வைத்துவிடு. ஷூவின் முனையையும் பின்பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து மடக்கு. மேடு வருகிற இடத்தில் மடங்கினால் நல்லது. நட்டநடுவில் அட்டை மாதிரி மடங்கினால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.

பிறகு இரண்டு காலிலும் மாட்டி, லேஸ் கட்டி, கடைக்குள்ளேயே ஓடு. ஆமாம், ஓடு! நடந்து பார்த்தால் போதாது; காரணம்தான் உனக்குத் தெரியுமே. கடைக்காரர் முறைத்தால் வாசலில் போய் அனுமதியோடு நாலு எட்டு ஓடு. குதிகால் எழும்புகிறதா? விரல் இடிக்கிறதா? எங்கேயாவது தையல் உரசுகிறதா? "போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்று சொல்வார்கள். தோல் ஷூ கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஓட்ட ஷூ முதல் நாளே சுகமாக இருக்க வேண்டும்.

சிலர் ஈரக் கால்தடத்தைப் பார்த்து, "உனக்குத் தட்டைப் பாதம், இந்த வகை ஷூதான் வேண்டும்" என்று ஜோசியம் சொல்வதுபோல் சொல்வார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த வீரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்த கூட்டத்துக்கும், பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்த கூட்டத்துக்கும் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஓட்டத்தை நெடுங்காலம் ஆராய்ந்த பென்னோ நிக் என்ற அறிஞர், ஓடுகிறவருக்கு எது சுகமாக இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுக்கலாம் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. விலைச்சீட்டு உன் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை. தொடர்ந்து வலி இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டு.

உள்ளே மெத்தென்று இருக்கிறதே, அது என்ன என்கிறாயா? பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் 'ஈ.வி.ஏ.' என்னும் பிளாஸ்டிக் நுரை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான காற்று அறைகள். கால் இறங்கும்போது அந்த அறைகள் அமுங்கி, உன் கால் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகின்றன. அதே வேகத்தை நிறுத்த நேரம் கூடினால் விசையின் உச்சம் குறையும். ஓடி ஓடி நுரை அமுங்கிப் போய்விடும். பெரியவர்களின் ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள். உனக்கு அந்தக் கவலை இல்லை. நுரை தேயும் முன்பே உன் கால் வளர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாளில் கோடு போட்டுத் தேதி எழுதி வை.

ஷூவின் மேல்பக்கம், கணுக்காலுக்குக் கிட்டே, எல்லா ஓட்டைகளையும் தள்ளி ஒரு கடைசி ஓட்டை தனியாக இருக்கும். அதில் லேஸ் கோத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அது சும்மா இல்லை. லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் அந்தக் கடைசி ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் செய். எதிர்ப் பக்கமும் அப்படியே. பிறகு வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும், இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்துக் கட்டு. குதிகால் அப்படியே பின்னால் போய் உட்காரும். முன்பக்கம் இறுக்க வேண்டியதே இல்லை. அந்த ஏழாம் வகுப்புச் சுட்டிக்கு முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொன்னேன். காசு செலவில்லாத வைத்தியம்.

புது ஷூ வந்த உற்சாகத்தில் முதல் நாளே பத்துச் சுற்று ஓடிவிடாதே. ஒரு சுற்று மெல்ல ஓடு, ஒரு சுற்று நட. பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி.

இன்னும் ஒரு கேள்வி உன் வாயில் நிற்கிறது, தெரிகிறது. "அண்ணன் ஷூவைப் போட்டுக்கொள்ளலாமா?" தாராளமாக யோசிக்கலாம். முதலில் அதை மேஜைமேல் வைத்து, பின்பக்கமிருந்து கண்ணுக்கு நேராகப் பார். ஷூ நிமிர்ந்து நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? அடியில் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? உள்தட்டில் அண்ணனின் விரல்கள் குழி போட்டிருக்கின்றனவா, அந்தக் குழியில் உன் விரல்கள் உட்காருகின்றனவா? நிமிர்ந்து நின்று, அளவும் சரியாக இருந்தால், துவைத்து நிழலில் உலர்த்தி மாட்டிக்கொள். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் ஈரம் சீக்கிரம் போகும். உச்சி வெயிலில் காயவைத்தால் பசை விட்டுப்போகும். சாய்ந்திருந்தால் வேண்டாம். அண்ணன் அதைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போட்டுக்கொள்ளட்டும்.